எந்தக் கீச்சுக்கு இந்தப் பதில்?

இன்ஜின் அறையின் ஏகபோக மகாராஜாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நடுக்கடலில் போன் கிடைக்காததால் உங்கள் சுகத்தைக் கையெழுத்தில்தான் தெரிந்துகொள்கிறேன், அதுவும் கோழி கிளறிய மாதிரி. போன வாரம் வந்த கடிதத்தில் "சரிம்மா, நீ சொன்னபடியே செஞ்சிடலாம்" என்று ஒரே வரி. கப்பலில் இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கேட்டிருந்தேனே, அதற்குத்தான் பதில் என்று தலைகால் புரியாமல் குதித்தேன்.

ஆய்வகத்திலோ வௌவால் வம்பு. இருட்டறையில் அதைப் பறக்கவிட்டு, அது போடும் கீச்சையும் திரும்பி வரும் எதிரொலியையும் மைக்கில் பிடிக்கிறோம். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தை வைத்து, எதிரே இருக்கும் பொருள் எவ்வளவு தூரம் என்று கம்ப்யூட்டர் சொல்லும். வௌவாலின் மூக்குக்கு நேரே ஏதோ இருப்பதாக அது வாரம் முழுக்கச் சாதித்தது. போய்த் தடவினால் வெறுங்காற்று. "பேயைக் கண்டுபிடிச்சதுக்கு யாரும் பட்டம் தரமாட்டாங்கம்மா" என்று எங்கள் தலைவர் என் புரோகிராமைக் கிண்டலடித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

கடைசியில் பார்த்தால், அது கோடிச் சுவரின் எதிரொலி. முதல் கீச்சுக்கான பதில் சாவகாசமாக வந்து சேருவதற்குள் வௌவால் அடுத்த கீச்சைப் போட்டுவிட்டது. கம்ப்யூட்டர் அந்தப் பதிலை இரண்டாவதன் கணக்கில் சேர்த்து, தூரத்துச் சுவரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் வீட்டுக்கு ஓடி, உங்கள் ஒரு வரிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உங்களை வரச் சொன்ன கடிதத்துக்கு முந்தைய கடிதத்தில்தான், சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். நீங்கள் சரி சொன்னது பெயிண்டுக்கா, வருவதற்கா? கடிதத்தில் தேதி போடும் வழக்கம்தான் உங்கள் பரம்பரையிலேயே கிடையாதே.

வௌவால் இப்படி ஏமாறுவதில்லை. நெருக்கடியான இடத்தில் ஒவ்வொரு கீச்சையும் சுருதி கொஞ்சம் மாற்றிப் போடுகிறது. எந்தப் பதில் எதற்கு என்று அதற்குத் தெரியும். நமக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அதனால் இந்தக் கடிதத்தில் ஒரே கேள்வி. வருகிறீர்களா, இல்லையா? முழு வாக்கியமாக எழுதுங்கள். பெயிண்ட் எக்கேடு கெட்டுப் போகட்டும். நீங்கள் இல்லாமல் எனக்கு அலுத்துப்போய்விட்டது.

அப்பா வந்துவிடுவார் என்று நான் அவசரப்பட்டு உளறியதிலிருந்து, நம் சின்னவள் தன் பொம்மைகளையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளி, அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறாள். அப்பா சட்டைக்கு இடம் வேண்டுமாம். அவளிடம் நான் இன்னும் மாற்றிச் சொல்லவில்லை. சொல்ல வைத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வௌவால்காரி