கொம்பில்லாத கூகை

என் செல்லக் குண்டுமணிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், அதில் முக்கால்வாசிதான் உண்மை, மீதியைச் சொல்கிறேன். பதறாதே, யாருக்கும் அடிபடவில்லை. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்வார், அதனால்தான் கடிதம். குழந்தைக்கு இருமல் நின்றதா? ஈரத் தலையோடு வெளியே விடாதே. இங்கே மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளை நாளை என்று நாளை ஓட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறோமே, அங்கே பறவை காட்டுவது தொப்பிக்காரர், அதுதான் அந்தப் பல் டாக்டர், தூக்கத்தில்கூடத் தொப்பியைக் கழற்ற மாட்டார் என்று அப்பா கேலி செய்வாரே அவர். நேற்று பழைய பம்ப் ஹவுஸ் பக்கம் காகங்கள் ஒரே கூச்சல். என்னவென்று போய்ப் பார்த்தால் மரப்பொந்து வாசலில், பட்டப்பகலில், வெள்ளை வெளேரென்று ஒரு கூகை! இந்த ஏரியில் இதுவரை யாரும் பார்த்ததில்லையாம். நான் ஆந்தை மாதிரி முழித்தேன், அது என்னைவிட நன்றாக முழித்தது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம், அப்பா பைனாகுலரை இறக்கிவிட்டு, ஆஹா, தலையில ரெண்டு கொம்பு மாதிரி முடி, என்ன கம்பீரம் என்றார். அதற்குக் கொம்பே கிடையாது, வழுவழுவென்று உருண்டைத் தலை. கொம்பு இருப்பது நம் வீட்டுக் காலண்டரில் இருக்கும் ஆந்தைக்கு. ஏதோ தமாஷ் என்று தொப்பிக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் காதருகே போய், அடடா, பறந்துபோச்சே, பார்த்தீங்களா என்றேன். பறவை இடத்தை விட்டு அசையவில்லை. ஆமா, இப்பதான் அந்தப் பக்கம் பறந்துச்சு என்று கையைக் காட்டினார்.

பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வைப்பரை மாற்றினார், முன்கண்ணாடி மங்கிவிட்டது என்று மெக்கானிக்கோடு சண்டை போட்டார், பேப்பரை என்னைப் படிக்கச் சொல்லி, உன் குரல்ல கேட்டாதான் செய்தி நல்லா இருக்கு என்றார், நானும் மக்கு மாதிரி பூரித்துப்போனேன். அவர் ஓட்டுவது பள்ளிக்கூட வேன், குண்டுமணி. விடிந்தால் தெருமுனையில் ஊரார் பிள்ளைகள் பையோடு நிற்கும்.

முதலில் நாங்கள் வீடு போய்ச் சேர வேண்டுமே. நடந்தே போகலாம் என்றேன், வேனைத் தலையில தூக்கிட்டு வர்றதா என்றார். அதற்குள் தொப்பிக்காரர் பின்சீட்டில் ஏறிவிட்டார், அந்த மனிதர் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டும், எனக்கே தெரிகிறது, ஆனால் வாய் வரவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டில் போகிறவர்களை எல்லாம் திட்ட ஆரம்பித்தேன். அந்தச் சைக்கிள்காரனைப் பாருங்க, நடுரோட்டுல போறான். வளைவுல போயா லாரியை நிறுத்துவாங்க. சிவப்பு விளக்கைப் போட்டுட்டான், பச்சைக்கு எப்ப மனசு வருமோ. குறுக்கே வந்த நாயின் பரம்பரையைக்கூட விடவில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் அவர் கால் பிரேக்குக்குப் போனது. மார்க்கெட் முனையில் குடையோடு ஒரு பெரியவர் திடீரென்று ரோட்டில் இறங்கினார், திட்ட நேரமில்லை, கையால் படபடவென்று முன்னால் தட்டினேன், வேன் குலுங்கி நின்றது. குடை முனைக்கும் வண்டிக்கும் ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். தொப்பிக்காரர் அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, உங்க வீட்டம்மாவுக்குக் கோபம் ஜாஸ்தி சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் வேன் சாவியைப் பிடுங்கி உப்பு ஜாடிக்குள் போட்டேன். வெளியே அவர் முன்கண்ணாடியைக் கழுவுகிறார், துடைக்கிறார், மறுபடி கழுவுகிறார். சாவியைக் கேட்டுக் கத்தப்போகிறார் என்று அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தார். அதைத் தேடவே இல்லை. பீரோவைத் திறந்து வேனின் இன்னொரு சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். நாளைக்குப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நீ வழியெல்லாம் திட்டிக்கிட்டு வர முடியாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீதான் நல்லா திட்டுனியே, நீ ஏன் அழற என்றார், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அவரே போன் பண்ணிச் சொன்னார். இன்று மெக்கானிக்கின் தம்பி வேனை எடுத்துப் போனார், அவர் இரண்டு தடவை நன்றாகப் பிரேக் போட்டுக் காட்டியபிறகுதான் அப்பா வாசலை விட்டு உள்ளே வந்தார். புதன்கிழமை கண் ஆஸ்பத்திரி. புரை என்றால் எடுத்துவிடலாம், வேறு எதுவோ என்றால் என்ன செய்வது என்று பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நிஜமாவே கொம்பு இல்லையா, எப்படித்தான் இருந்துச்சு சொல்லு என்றார். முகம், இறக்கை, நகம் வரைக்கும் சொன்னேன், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். நீ போன் செய்யும்போது எடுத்த எடுப்பில் கண்ணைப் பற்றிக் கேட்காதே, கூகையைப் பற்றிக் கேள். நான் சொன்னதையெல்லாம் தானே பார்த்ததாக அளப்பார். நீ குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கார் ஓட்டும்போது உன் கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொள்.

வாய் வலிக்கத் திட்டி ஓய்ந்த
உன் அம்மா