எதிர் நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் காலைத் தொட்டு வணங்கிச் சின்னவள் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை, துணி ஆலை வேலையும் பழகிவிட்டது.

விடுமுறை நாளில் போட்டோ எடுக்கும் கூட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். பஸ் ஓட்டுபவர், நர்ஸ் என்று எல்லோருமே கைபேசியில் படம் எடுப்பவர்கள். ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள்; எடுத்தவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. வாயாடி என்னைப் போய் அப்படி உட்கார வைத்தார்கள், பார்!

போன வாரம் என் சாப்பாட்டுத் தட்டில் ஜன்னல் வெயில் விழும் படத்தைக் காட்டினேன். வெளிச்சத்தைப் புகழ்வார்கள் என்று காத்திருந்தேன். நர்ஸ் அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, "எதிர் நாற்காலியில பை உக்காந்திருக்கே. தினமும் தனியாத்தான் சாப்பிடுறியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. விதி அப்படி!

கவலைப்படாதே. நேற்று அந்த நர்ஸ் அக்கா என் அறைக்கே வந்து, பையைத் தரையில் இறக்கிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேசிய பேச்சில் படம் எடுக்கவே மறந்துவிட்டோம்.

தம்பியிடம் சொல்லி, நீ சாப்பிடும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு. நம் வீட்டுப் படங்களில் நீ கரண்டியோடு நின்றுகொண்டே இருக்கிறாய். வெளிச்சம் எப்படி இருந்தாலும் சரி.

ஆலை வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். அம்மா, உன் தட்டுக்கு எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதும் படத்தில் தெரியட்டும்.

உன் சின்னவள்