சுகமாயிட்டேன்னு சொல்லுக்கா

அக்கா,

நேற்று சபையைக் கழுவிவிடும் முறை எனக்கு. வாளித் தண்ணீரில் பினாயிலை ஊற்றியதும் அந்த வாடை குப்பென்று ஏறியது. துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நீ கடைசியாகப் படுத்திருந்த வார்டிலும் இதே வாடைதான். எதையும் நினைக்க வேண்டாமென்று தரையை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் மெர்சி வந்து நின்றாள். நீ போனதிலிருந்து உன் மகள் சபைக்கு வருவதில்லை. உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்று கேட்டாள்.

"சித்தி, விசுவாசம் இல்லாமத்தான் எங்கம்மா செத்துப்பூட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கினு கீறாங்க. மெய்தானா அது?"

"நாளைக்கு ஆராதனைக்கு வா, சொல்றேன்" என்றேன். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

கம்பெனி வேலைக்கு அத்திப்பட்டில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும்வரை பெண்கள் பெட்டியில் பாட்டும் ஜெபமுமாகப் போவோமே, அந்தக் கூட்டத்தில் மனசில் பட்டதை அப்படியே பேசுகிறவள் நீ ஒருத்திதான். "வியாதின்னு வாயால சொன்னா வியாதிக்கு நாமளே கதவத் தொறந்து உடுறோம்" என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். காய்ச்சலில் நடுங்குகிறவர்கூட 'சுகமாயிட்டேன்' என்றுதான் அறிக்கை செய்ய வேண்டும். இன்னும் நடக்காததை நடந்துவிட்டதாகச் சொல்வதுதான் விசுவாசம் என்று நாங்கள் பழகியிருந்தோம். 'சுகமா சிஸ்டர்?' என்று யார் கேட்டாலும் நீ மட்டும், சுகர் ஏறிப்போச்சு, கால் வலிக்குது என்பாய். நான் உன் கையைக் கிள்ளுவேன்.

"சுகமாயிட்டேன்னு சொல்லுக்கா."

"வலி காலுல கீது. வாய்ல இன்னாத்துக்கு மாத்தி சொல்லணும்?"

பெட்டியே சிரிக்கும். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும்.

எனக்கு எல்லாம் கூடிவந்த காலம் அது. என் வீட்டுக்காரருக்கு இரும்புக் கம்பெனியில் வேலை நிரந்தரமானது. தளம் போட்ட வீடு, அதன்பின் புது பைக். பைக் சாவியைப் பாஸ்டர் மேடையில் தூக்கிக் காட்டி ஜெபித்தார். கர்த்தருக்குப் பிரியமாக நடந்தால் இப்படித்தான் வரும் என்றார். உன் அப்பா, என் அப்பா எல்லாருமே அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு வரப்பு வெட்டியவர்கள். நீ செழிப்பாக இருக்க வேண்டுமென்பதே கடவுளின் ஆசை என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது? எனக்கு இனித்தது. அன்று மேடையிலிருந்து இறங்கும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருந்தது. இப்போது எழுதவே கூசுகிறது.

வெளியே வந்ததும் நீ மெதுவாகக் கேட்டாய்: "எங்கப்பா சாவுற வரைக்கும் மொழங்கால் போட்டாரு. ஒரு சைக்கிள்கூட வாங்கல. அவரு மேல கர்த்தருக்கு இன்னாடி பேஜாரு?" அந்தக் கேள்விக்கு அவிசுவாசம் என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டேன்.

கம்பெனி ஷூ கடித்த புண் ஆறாமல் போனபோதும் நீ மாத்திரையை விடவில்லை, ஜெபத்தையும் விடவில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடுவாய். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உன் பக்கத்தில் உட்கார எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது, அக்கா.

அந்த வாரம் உனக்குக் குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தேன். நர்ஸ் புதுக் கட்டுப் போட்டு அனுப்பினாள். டாக்டர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "இன்னிக்கி கேட்டா விசுவாசத்தோட சொல்லுக்கா. எனக்காக ஒருவாட்டி."

உள்ளே கூட்டம். டாக்டர் தலை நிமிராமல் கேட்டார். "காய்ச்சல், குளிர் எதுவும் இருக்காம்மா?"

நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் அவரிடம் சொன்னாய். "ஒண்ணும் இல்ல சார். சுகமாயிட்டேன்."

அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி அடுத்த வாரம் வரச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நோயாளி தான் ஆசைப்படுவதை நடந்ததாகச் சொல்லுவாள் என்று எந்த டாக்டருக்குத் தோன்றும்? ஷேர் ஆட்டோவில் நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். நீ என் தோளில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாய்.

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. அதற்குள் கால் தொடைவரை வீங்கி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. வார்டில் நான் அழுதபோது நீ என்னைத் திட்டியிருக்கலாம். "உன் மூஞ்சி வாடக்கூடாதுன்னுதாண்டி அப்பிடி சொன்னேன்" என்றாய். அவ்வளவுதான்.

உன் அடக்க ஆராதனையில் பாஸ்டர், சகோதரி விசுவாசத்தில் தளர்ந்துபோனார்கள் என்று பேசினார். நான் முன்வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மெர்சியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக மூடிக்கொண்டேன்.

இன்று சாட்சி நேரத்தில் மைக்கை வாங்கினேன். மெர்சி வந்திருந்தாள், கதவை ஒட்டி நின்றாள். மாடி கட்டப்போகிற சந்தோஷத்தைச் சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் அல்லேலூயாவுக்குத் தயாரானார்கள். நான் சொன்னேன்: "எங்க அக்காவுக்கு விசுவாசம் கொறையல. சுகம் கெடைக்காமலே கர்த்தர நம்புனாங்க. நம்மள்ல யாரால அது முடியும்? காய்ச்சல மறைச்சி டாக்டர்கிட்ட பொய் சொல்ல வெச்சது நானு."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

வெளியே மெர்சி காத்திருந்தாள். "இத ஏன் சித்தி அம்மா அடக்கத்தன்னிக்கே சொல்லல?" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். பயந்துவிட்டேன், அக்கா. என்ன பயம்? வேறு என்ன, விசுவாசம் இருந்தும் நீ செத்தாய் என்றால் எனக்கு வந்ததெல்லாம் ஆசீர்வாதம் இல்லை என்று ஆகிவிடுமோ என்கிற பயம்தான். அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

செருப்பைத் தேடிக் குனிந்தபோது, பாட்டுக் குழுவில் முன்னால் நிற்பாளே, அந்தச் சின்னப் பெண், பக்கத்தில் குனிந்தாள். "அக்கா, எனக்கு மார்ல ஒரு கட்டி கீதுக்கா. யார்கிட்டயும் சொல்லல" என்றாள். அவள் வீட்டுக்காரனுக்கும் தெரியாதாம்.

நாளைக் காலை வண்டியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். டாக்டர் அறைக்குள் நான் போகமாட்டேன், அக்கா. என் முகத்தைப் பார்த்து இன்னொருத்தி பதில் சொல்ல வேண்டாம்.