ரோட்டில் ஆரஞ்சு, கரையில் சாக்கு

இன்று காலை லாஃப்டிலிருந்து அந்தப் பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் ஏரிச் சேறும் பழைய சாக்கும் கலந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. "எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்று என் மனைவி ஹாலிலிருந்து கேட்டாள். இல்லைடா, அது ஏரிக்கரையில் நீயும் நானும் கழித்த ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை. சாக்குக்கு அடியில் மடிப்புக் கலையாமல் இரண்டு ஆரஞ்சு ஜாக்கெட்டுகள். ரோடு போடுகிறவர்கள் மாட்டியிருப்பார்களே, வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை வைத்தது, அதேதான். ஒன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது. உன்னுடையது ஏன் என் பையில் கிடக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் உன் மேலும் ஆத்திரம், என் மேலும் ஆத்திரம். ஒன்பது மாதமாக இதுதான் என் பிழைப்பு.

நாம் சந்தித்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். பாரிவாக்கத்தில் ஃபிளாட்டுக்குக் குடிவந்த புதிதில், புதுக் கேமராவோடு நெமிலிச்சேரி பக்கத்து ஏரிக்கு வந்திருந்தேன். ஆவடியில் ஒரு கடையில் வாங்கிய பட்டாளத்து டிசைன் பேன்ட், அதே டிசைனில் சட்டை, தொப்பி. காட்டுக்குள் மறைந்து நிற்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. அப்போது பக்கத்திலிருந்த சீமைக் கருவேலம் புதர் பேசியது.

"இன்னா மாமே, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்களா? ஏரியே காஞ்சி மஞ்சளா கீது, நீ மட்டும் பச்சைப் பசேல்னு வந்து நிக்கற."

தூக்கிவாரிப் போட்டது. நான்கடி தள்ளி நீ உட்கார்ந்திருந்தாய். டீத்தூள் டிகாக்ஷனில் ஊறவைத்த சாக்கு, அதில் ஊசி நூலால் தைத்த காய்ந்த கோரைப்புல், மூக்கின் மேல் சேறு. கண்ணைத் திறந்து மூடியபோதுதான் ஆள் என்றே தெரிந்தது.

திருமழிசையில் லேத் பட்டறையில் ஆறு நாள், ஏரியில் ஒரு நாள் என்று வாழ்ந்தவன் நீ. என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஆனால் முதல் நாளிலிருந்தே "மாமே"தான். உன்னிடம் கேமரா கிடையாது, வேண்டும் என்று ஆசைப்பட்டதும் கிடையாது. பக்கத்தில் போய்ப் பார்ப்பதே உனக்குப் போதும். முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஆடாமல் இருப்பாய். மடையான் உன் காலருகே வந்து மீன் பொறுக்கும். நிற்கும்போது மண் நிறம், பறந்தால் வெள்ளை வெளேர். அது இறக்கையை விரிக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் நீ உட்கார்ந்திருப்பாய்.

நீ தைத்துத் தந்த சாக்குக்குள் நன்றாக ஒளிந்துகொண்டதாக நான் ஒருமுறை பெருமைப்பட்டபோது சொன்னாய்: "அது உன்ன எப்பவோ பாத்துடுச்சி மாமே. ஆடாம குந்திகினு கீற, போனாப் போவுதுன்னு வுட்டு வச்சிகீது."

உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கரைக்கு வந்து சாக்கை மாட்டினால் அந்த அசைவிலேயே பறவைகள் எழும்பிவிடும் என்று வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புவாய். விடியற்காலையில் சர்வீஸ் ரோட்டைக் கடந்து வரும்போது நீயே ஒரு மண்மேடு மாதிரி இருப்பாய். ஒருமுறை வேன் ஒன்று உன்னை உரசிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த இரண்டு ஜாக்கெட்டையும் வாங்கினேன். நீ பண்ணிய ரகளை கொஞ்சமா? "இத்த போட்டுகினு வந்தா ஏரியே எழுந்து ஓடிடும்" என்றாய். கடைசியில் ஒரு சட்டம் போட்டோம். ரோட்டில் ஆரஞ்சு, கரையில் சாக்கு. உன்னிடம் கொடுத்தால் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வருவாய் என்று இரண்டையும் நானே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் உன் தெருமுனைக்கு வந்து உனக்கு மாட்டிவிட்டுத்தான் ரோட்டுக்கு ஏறுவோம். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. இப்போது யோசித்தால், அதை உன்னிடமே விட்டிருக்க வேண்டும்.

பிறகு மயில் உள்ளான் வந்தது. கோரைக்கு நடுவே, பெட்டை முட்டையிட்டுப் போய்விட, ஆண் உட்கார்ந்து அடைகாத்தது. மூன்று வாரம் தேடி நீ கண்டுபிடித்த கூடு. "படம் எடுத்துக்க. ஆனா ஒருத்தனுக்கும் காட்டாத" என்றாய். சரி என்றேன். ஐந்தே நாள் தாக்குப்பிடித்தேன். பறவைப் படம் எடுக்கிறவர்கள் குழுவில் போட்டேன். ஊர் பேரைப் போடவில்லை, ஏரி பேரைப் போடவில்லை, ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக நினைப்பு. பறவைக்குப் பின்னால், பாதி கட்டிய அந்த அடுக்குமாடியும் அதன் சிவப்பு கிரேனும் மங்கலாகத் தெரிந்ததை மட்டும் பார்க்கவில்லை. நம் பக்கத்து ஆள் எவனாவது பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவான். சொல்லியும் விட்டான்.

அடுத்த ஞாயிறு கரையில் பதினோரு பேர், முழ நீள லென்ஸ்களோடு. ஒருவன் டிரோன் விட்டான். உள்ளான் கூட்டை விட்டுப் போனது, திரும்பவில்லை. முட்டையைக் காக்காய் கொத்தியது. நீ கத்தவில்லை.

"அது நம்மள நம்பி குந்திகினு இருந்திச்சி. நீ காட்டிக் குடுத்துட்ட."

இவ்வளவுதான் சொன்னாய். ரோட்டுக்கு ஏறும்போது ஜாக்கெட்டை நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டுப் போனாய். அன்று பத்திரமாகத்தான் வீடு போய்ச் சேர்ந்தாய்.

அதற்கடுத்த ஞாயிறு எனக்கும் வீம்பு. வேண்டுமானால் அவனே கூப்பிடட்டும் என்று காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பை கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. நீ தனியாகக் கிளம்பியிருக்கிறாய், வழக்கம்போல வீட்டிலேயே சாக்கை மாட்டிக்கொண்டு.

தண்ணீர் லாரி ஓட்டியவர் போலீஸ் ஸ்டேஷனில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "சத்தியமா தெரியல சார். மண்ணு கொட்டி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். ஆடுனப்பதான் சார் ஆளுன்னே தெரிஞ்சிது." அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லாம் உன் மேல்தான் வந்தது. என் மேல் கோபம் என்றால் என்னை நாலு அறை அறைந்திருக்கலாமே. லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும் என்று யார் அழுதார்கள்? அந்தப் பாழாய்ப்போன சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தால் என்ன குறைந்துவிடும் உனக்கு?

சாவு வீட்டில் உன் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, அந்த ஆரஞ்சு சட்ட உங்ககிட்டயா கீது?" ஆமாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்மா, அதான் வரல" என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து உன் தெருப் பக்கம் போவதில்லை. ஒருநாள் மார்க்கெட்டில் அவளைப் பார்த்ததும் வாழைத்தார்களுக்குப் பின்னால் போய் ஆடாமல் நின்றேன். மூச்சைக்கூட நீ விடுகிற மாதிரியே மெதுவாக விட்டேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்று பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன், காய்ச்சல் இல்லை, சண்டை, காரணம் நான் என்று. அவள் கையிலிருந்த துணியை உதறி, கிளிப் போட்டு முடித்தாள்.

"தெரியும்ணா. சண்ட போட்ட அன்னிக்கு வந்து உங்களத் திட்டிகினே சாப்ட்டாரு. ஆனா அடுத்த வாரம் பேசிடுவேன்னாரு. நீங்க வாழத்தாருக்குப் பின்னால நின்னதையும் பாத்தேன். வர்றப்ப வரட்டும்னு வுட்டுட்டேன்."

உன் ஜாக்கெட்டை நீட்டினேன். தொட்டுப் பார்த்தாள், வாங்கவில்லை. "எனக்கு எதுக்கு? நீங்களே எடுத்துகினு போங்க. பையில வச்சிகினு போவாதீங்க, மாட்டிகினு போங்க."

அங்கேயே மாட்டிக்கொண்டேன். தோளில் எனக்குக் கொஞ்சம் பெரிதுதான். பட்டப்பகலில் அதோடு நடந்துபோய் சர்வீஸ் ரோட்டு ஓரத்தில், நீ அடிபட்ட அந்த இடத்தில், கடப்பதற்காக நின்றேன். ஒரு தண்ணீர் லாரி வந்தது. தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து, நின்றே விட்டது. போங்க என்று டிரைவர் கை காட்டினார். "பாருடா, நிக்குது பாருடா" என்று உன்னைச் சத்தம்போட்டுத் திட்டிவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தேன். தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கடந்து முடிக்கும்வரை அவர் லாரியை நகர்த்தவே இல்லை.