பியானோ இருக்கையின் கீழே நீ

தோழ,

விளக்கெண்ணெயும் இரும்புத்துருவும் கலந்த உன் பட்டறையின் மணம் இன்று காலை என் வீட்டுக்குள் வந்தது. பாதிரியார் பள்ளியின் இசையாசிரியை, தேய்ந்துபோன பியானோ இருக்கை ஒன்றை ஆள்வைத்துச் சுமந்துவந்து இறக்கினார். "கடை பூட்டிக் கெடக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்துதானே பண்ணுவீங்க? அதான் இங்க எடுத்தாந்தேன்" என்றார். நீ மறைந்ததை அவர் அறிந்திருக்கவில்லை. சொன்னேன். மேடைகளில் கூட்டங்களை எழுப்பி நிறுத்திய நான் ஒற்றை வரியில் முடித்துக்கொண்டேன். அவர் இருக்கையைத் திரும்ப எடுத்துச் செல்ல முனைந்தார். "இருக்கட்டும்" என்றேன்.

பக்கத்துக் குமிழைத் திருகினால் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கும் இருக்கை அது. உள்ளே திருகாணியின் மரை தேய்ந்துவிட்டால், அமர்ந்தவரின் பளு தாங்காமல் மெல்ல இறங்கும். வெறுமையாய்க் கிடக்கையில் குறை தெரியாது. ஆகவே ஒருவர் மேலே அமர வேண்டும்; ஒருவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். சித்தூர்க் கடைத்தெருவில் உன் மரப்பட்டறையில் பளுவாய் அமரும் பணி எனக்கு வாய்த்தது.

ஆந்திர மாநிலம் பிறந்து, எல்லை எது என்ற வழக்கு எரிந்துகொண்டிருந்த காலம். சித்தூர் தமிழகத்துக்கே என்னும் எங்கள் மாலைக் கூட்டத்திற்கான உரையை அந்த இருக்கையிலேயே முழங்கிப் பார்ப்பேன். "ஓரடி மண்ணும் ஈயோம்!" என்று ஒருநாள் நான் கையை உயர்த்திய நொடியில் இருக்கை என்னோடு இறங்கியது. அடியிலிருந்து உன் குரல்: "மண்ணு இருக்கட்டும் நைனா, நீயே எறங்கிட்ட! ஆடாம குந்து, எங்க புடிக்குதுன்னு பாக்கணும்."

வீட்டில் தெலுங்கு பேசியவன் நீ. சித்தூர் ஆந்திரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் அசையாதவன். என் கூட்டம் நடந்த தெருவிலேயே மறுநாள் உன் ஊர்வலம் போகும். "நேத்து தொண்ட கட்டிக்கினு பூட்ச்சே?" என்பாய். "உன் ஊர்வலத்தில் ஆளைவிடக் கொடி மிகுதி" என்பேன். பிறகு நீ கீழே, நான் மேலே.

தீர்வு வந்தது. திருத்தணி எங்கள் பக்கம் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் உங்கள் பக்கம் நின்றன. என் தோழர்கள் தமிழகப் பக்கம் போக மூட்டை கட்டினர், என்னையும் அழைத்தனர். தோற்ற ஊரில் யார் முகத்தில் விழிப்பது? விடைபெறவே உன் பட்டறைக்கு வந்தேன். வென்றவனாய் நீ ஒருமுறை சிரித்திருந்தாலும் அன்றே பேருந்து ஏறியிருப்பேன்.

நீ சிரிக்கவில்லை. இருக்கையின்மேல் உமி மூட்டையை வைத்துவிட்டுக் கீழே படுத்திருந்தாய். தலையை வெளியே நீட்டாமலே கேட்டாய்.

"அந்தப் பக்கம் போறியாமே?"

"போகத்தான் வேண்டும்."

"போ. இந்த மூட்ட உன்னாட்டம் ஆடல, கம்முனு குந்திக்கினு கீது. கனந்தான் பத்தல. இத்த முடிச்சிக் குடுத்துட்டுப் போ."

மூட்டையை இறக்கிவிட்டு அமர்ந்தேன். வேலை முடிந்தது. மறுநாள் வேறோர் இருக்கை வைத்திருந்தாய். அதற்குப் பின்னும் ஏதேனும் ஒன்று இருந்துகொண்டே இருந்தது. நான் போகவே இல்லை.

இன்று நண்பகலில் நானே தரையில் படுத்து அடியில் பார்த்தேன். மேலே யாருமில்லை, திருகாணி நேராக நின்றது, ஒரு குறையும் காட்டவில்லை. வந்து சற்று அமரும்படி யாரை அழைப்பது என்று எண்ணிப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்கத் திரண்டவர்கள் எத்தனையோ பேர். அழைத்தால் வந்து அமரக்கூடியவர் என்று ஒரு பெயரும் நாவில் வரவில்லை.

எழுந்து நானே அமர்ந்தேன். இருக்கை மெல்ல இறங்கியது. அடியில் மரை நறநறத்தது. எங்கே பிடிக்கிறது என்று சொல்ல ஆளில்லை. ஆயினும் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வாய் திறவாமல், ஆடாமல் அமர்ந்திருந்தேன், நீ பார்த்து முடிக்கட்டும் என்று.