செவலை சுமந்த கன்று

மல்லாங்கிணறு
12.9.2006

என் மேல் கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

நம் செவலை காலையில் கன்று போட்டுவிட்டது. மாட்டு டாக்டர் வேறொரு சீமைப்பசுவின் கருவை அதன் வயிற்றில் வைத்தபோது நீதானே கயிற்றைப் பிடித்திருந்தாய். கறுப்பும் வெள்ளையுமாகக் கிடேரி. செவலையின் சாயல் மருந்துக்குக்கூட இல்லை.

கன்றைச் சேர்த்துக்கொள்ளுமோ, முட்டித் தள்ளுமோ என்று தொழுவத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். தீபாவளி சீசன் நேரத்தில், என்னை வேலைக்கு ஏற்ற வந்த பட்டாசுக் கம்பெனி வேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். செவலையோ ஈரம் காயும்வரை கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. கிட்டே போன என்னைத்தான் முட்ட வந்தது.

கன்றுக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, பால் பெருகட்டும் என்று ஆலமரத்தில் கட்டக் கிளம்பினேன். அம்மா மறித்தாள்.

“ஏலே, யாரு மாட்டுக் கன்னோ! அதுக்குப் போயி கொடி கட்டணுமாக்கும்?”

“சுமந்தது நம்ம மாடுதானம்மா” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. யாரோ தந்த கருவை உனக்கு வைக்கலாம் என்று மதுரை டாக்டரம்மா சொன்ன அன்று, “யாரு பிள்ளையவோ நீ சுமக்கணுமா?” என்று கத்தியவன் நான்.

கொடியைக் கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

டாக்டரம்மா கொடுத்த சம்மதத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது. சீம்பால் இன்னும் இரண்டு நாள்தான் வரும். அதற்குள் வா.

உன் வீட்டுக்காரன்