மில்காரர் கார் பிரிந்து கிடந்த நாட்கள்

திண்டிவனம், 6 பிப்ரவரி 1961

சின்னதுரை மாமா காலை பஸ்ஸில் விழுப்புரத்திலிருந்து வந்தார். ஜாக்கி நழுவி அப்பாவின் கை நசுங்கிக் கட்டுப் போட்டிருப்பதால், மில்காரரின் காரை இவர்தான் பிரித்துச் சேர்க்க வேண்டும். அத்தை மகன். சின்ன வயதில் என் சடையை இழுத்தவர். இப்போது ஷெட்டுக்குக் காபி கொண்டுபோனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டம்ளரை மட்கார்டு மேல் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

7 பிப்ரவரி

இன்றும் டம்ளரை மட்கார்டு மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

8 பிப்ரவரி

அத்தை வளவனூரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாராம். சாப்பிடும்போது அப்பா விசாரித்தார். "அம்மா பாத்துக்கினு கீது. இன்னும் ஒண்ணும் முடிவாவல மாமா" என்றார் இவர்.

முடிவாகவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதுதான் காதில். சோறு போடும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் என்ன? எட்டாவதோடு நின்றவள் என்றா? இன்ஜினை மூடிவிட்டால் போய்விடுவார்.

10 பிப்ரவரி

மூடுவதற்கு முன் கேம் ஷாஃப்ட் சரியான நேரத்துக்கு வால்வைத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அப்பாவின் கையால் முடியாது. என்னைக் கூப்பிட்டார்கள்.

மாமா ஒரு சிகரெட்டைப் பிரித்து, அதன் தாளை வால்வுக்கும் அதை அமுக்கும் இரும்புக்கும் நடுவில் செருகினார். அவர் முன்னால் கைப்பிடி போட்டு மெல்லச் சுற்றுவார். நான் தாளை லேசாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வால்வு திறக்கத் தொடங்கியதும் தாள் சிக்கும். உடனே சொல்ல வேண்டும்.

"வாயத் தொறந்து சொல்லு அம்சா. தலைய ஆட்டினா எனுக்குத் தெரியாது."

"பிடிச்சிது" என்றேன். அவர் வந்ததிலிருந்து அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

அவர் குனிந்து பார்த்தார். பிஸ்டன் உச்சியைத் தாண்டி நன்றாகவே இறங்கியிருந்தது. வால்வு தாமதமாகத் திறக்கிறது. அப்பாவுக்குக் கோபம். "பல்சக்கரத்துல அடையாளப் புள்ளிக்குப் புள்ளி நேரா கீது. இவ பேச்சக் கேட்டு மறுபடியும் பிரிப்பியா?" ஆனால் அந்தச் சக்கரம் மெட்ராஸில் பழசாக வாங்கிப் போட்டது; அதன் புள்ளி இந்த இன்ஜினுக்குப் பொருந்தாமலும் இருக்கலாம்.

மறுபடியும் சுற்றினார். அதே இடத்தில் சிக்கியது. மாமா என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, நேராக.

"நெஜமாவா? சந்தேகம்னா சொல்லு, புள்ளிப்படியே மூடிடறேன்."

அப்படி மூடினால் வண்டி இழுக்காது. திரும்பப் பிரிக்க வேண்டும். இன்னும் சில நாள் இங்கேயே இருப்பார். தெரியலை என்று ஒரு சொல், அவ்வளவுதானே — ஆனால் மில்காரர் நாலு பேர் எதிரில் அவரைத்தானே திட்டுவார்.

"சந்தேகம் இல்ல மாமா. அங்கதான் பிடிக்குது."

பல்சக்கரத்தைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டார்.

11 பிப்ரவரி

முதல் சுற்றிலேயே ஓடியது. அப்பாவே சிரித்துவிட்டார். மாமா கை கழுவி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "அம்சாவுக்கு நல்ல கை மாமா."

கை மட்டுந்தானா?

2 மார்ச்

பஸ் ஹாரன் கேட்டால் வாசலுக்குப் போகிறேன். எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரிதான் கத்துகிறது. பைத்தியம் எனக்கு.

4 மே

வளவனூர்ப் பெண்ணே முடிவாகிவிட்டது. வைகாசியில் கல்யாணம். அத்தை வந்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார். தாய்மாமன் சீர் அப்பாதான் செய்ய வேண்டும். மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்க இன்று ஜவுளிக்கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் விரித்துப் போட்டார். எந்தக் கரை எடுக்கலாம் என்று அப்பா கேட்டார்.

மாமா கறுப்பு. அரக்குக் கரை எடுப்பாக இருக்கும். அதைச் சொன்னேன்.